அமெரிக்கக் குழந்தைகள் கேம்ப்பில் ஒரு கோடை: விண்ணப்பம் முதல் கடைசி பஸ் வரை

ராத்திரி ஒன்பதரை மணி. விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் ஆகிறது. மரக் கேபினுக்குள் நான்கு அடுக்குக் கட்டில்கள், எட்டுப் பையன்கள். ஏழு பேர் தூங்கிவிட்டார்கள். எட்டாவது பையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுகிறான். அவனுக்கு ஒன்பது வயது. வீட்டை விட்டு வெளியே தூங்குவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அந்தக் கேபினில் பெரியவர் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கேம்ப் வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏரியும் படகும் தீ மூட்டிப் பாட்டுப் பாடும் இரவுகளும் உண்டுதான். ஆனால் உங்களை அங்கே கூப்பிடுவது அந்தப் பையனுக்காக. நான் இரண்டு கோடைகள் மெய்ன் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரைக் கேம்ப்பில் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்பவராக இருந்தேன். எந்த ஏஜென்சி, எந்த விசா, பெட்டியில் என்ன வைப்பது என்று நீங்கள் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளையும் அந்தக் கட்டிலை மனதில் வைத்து எடுத்தால் குழப்பம் பாதி குறையும்.

அது எப்படிப்பட்ட இடம்

அமெரிக்காவில் கேம்ப் என்பது ஒரு வாரத்துக் கோடை வகுப்பு இல்லை. பிள்ளைகள் பெற்றோரை விட்டு வந்து காட்டிலோ ஏரிக்கரையிலோ தங்குவார்கள். சில கேம்ப்களில் ஒரு வாரம், வடகிழக்கு மாநிலங்களின் பழைய கேம்ப்களில் ஏழு வாரம் வரைகூட. கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன் 1861-ல் தன் மாணவர்களைக் கடலோரத்துக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்தார். முதல் கேம்ப் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். தாத்தா படுத்த கேபினில் பேரன் படுப்பது அங்கே சாதாரணம்.

எல்லாக் கேம்ப்பும் ஒரே மாதிரி இருக்காது. பணக்காரக் குடும்பங்கள் அனுப்பும் தனியார் கேம்ப்கள் இருக்கின்றன. ஒய்எம்சிஏ, சாரணர் அமைப்புகள் நடத்துபவை, மத அமைப்புகள் நடத்துபவை, இசை நாடகத்துக்கென்றே இருப்பவை, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கானவை என்று பல வகை. கடைசியாகச் சொன்னதில் குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கும். மனசு ஒப்பினால் மட்டும் போங்கள். ஒப்பிப் போனவர்கள் திரும்பத் திரும்பப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பகலில் மட்டும் நடக்கும் டே கேம்ப் வேறு. அதில் சேர்வதாக இருந்தால் ராத்திரி எங்கே தங்குவது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுன்சிலரா, சப்போர்ட் ஸ்டாஃபா

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அதற்குள் கேம்ப் கவுன்சிலர் என்று தனிப் பிரிவே உண்டு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம் பேச வர வேண்டும். மாணவராகவோ, ஆசிரியராகவோ, சிறுவர்களோடு வேலை பார்ப்பவராகவோ, நீச்சல் போன்ற ஏதாவது ஒரு தனித்திறமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம்.

சமையலறை, துணி துவைப்பது, பராமரிப்பு போன்றவை சப்போர்ட் ஸ்டாஃப் வேலைகள். அதற்குப் போகிறவர்கள் சம்மர் வொர்க் டிராவல் என்ற வேறு ஜே-1 பிரிவில் போவார்கள். அதற்குக் கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். கவுன்சிலர் பிரிவில் வந்தவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவுக்கோ, அலுவலகப் பணிக்கோ அமர்த்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. சாப்பிட்ட மேஜையைப் பிள்ளைகளோடு சேர்ந்து துடைப்பது வேறு, அது எல்லோரும் செய்வது. கவுன்சிலர் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாள் முழுக்கச் சிங்க்கில் நிறுத்தினால் உங்கள் விசாவுக்குப் பொறுப்பான ஸ்பான்சர் நிறுவனத்திடம் உடனே சொல்லுங்கள்.

கவுன்சிலரிலும் இரண்டு விதம். ஒரு கேபின் பிள்ளைகளோடு நாள் முழுக்கச் சுற்றுபவர் ஜெனரல் கவுன்சிலர். வில்வித்தை, பாய்மரப் படகு, மண்பாண்டம், குதிரை, நடனம் என்று ஒன்றைச் சொல்லித்தருபவர் ஸ்பெஷலிஸ்ட். ராத்திரி இருவருக்கும் கேபின்தான். உங்களுக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்றால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். லைஃப்கார்டு (தண்ணீரில் இருப்பவர்களைக் கண்காணித்துக் காப்பவர்) ஆகத் தகுதியுள்ளவர்களைத்தான் எல்லாக் கேம்ப்பும் தேடிக்கொண்டிருக்கும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் லைஃப்கார்டு பயிற்சியில் சேர வேண்டுமானால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் 10 பவுண்டு செங்கல்லை மூழ்கி எடுத்துக்கொண்டு வர வேண்டும். இப்போதிருந்தே பழகலாம்.

யார் மூலம் போவது

நேராகக் கேம்ப்புக்கு எழுதி வேலை வாங்கினாலும் விசாவுக்கு ஒரு ஸ்பான்சர் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டும்தான் ஸ்பான்சராக முடியும். கேம்ப் அமெரிக்கா, சிசியுஎஸ்ஏ, இன்டர்எக்ஸ்சேஞ்ச், சிஐஇஇ போன்ற பெயர்களை அதிகம் கேள்விப்படுவீர்கள். கேம்ப் அமெரிக்கா 1969-லிருந்து இருக்கிறது. முழுப் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் இருக்கிறது. உள்ளூர் ஏஜென்ட் யாராவது உங்களிடம் பேசினால் "உங்கள் ஸ்பான்சர் யார்?" என்று கேளுங்கள். சொன்ன பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

கேம்ப் ஜூன் நடுவில் தொடங்கும். வேலைக்கு ஆள் எடுப்பது முந்தின இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடும். அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தேர்ந்தெடுக்க நிறையக் கேம்ப் இருக்கும். மார்ச்சில் போட்டால் மிச்சம் இருப்பதுதான். போலீஸ் சான்றிதழ், மருத்துவர் கையெழுத்திட்ட படிவம், இரண்டு மூன்று பேரின் பரிந்துரை எல்லாம் கேட்பார்கள். பரிந்துரையை உங்களைக் குழந்தைகளோடு பார்த்தவரிடம் வாங்குங்கள். டியூஷன் எடுத்த வீட்டுக்காரர், நீச்சல் பயிற்சியாளர், பள்ளி ஆசிரியர் எழுதும் அரைப் பக்கம் பெரிய பதவிக்காரரின் கடிதத்தைவிடப் பலன் தரும்.

கேம்ப் டைரக்டரோடு இன்டர்வியூ

வீடியோவில் நடக்கும். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகு என்பதை அவர் கவனிக்க மாட்டார். ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள், இரண்டு பேர் ஒருவனை ஒதுக்கி வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். "பொறுமையாகப் பேசிப் புரியவைப்பேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் நிஜமாகவே செய்த ஒன்றைச் சொல்லுங்கள். என்னிடம் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டபோது, பயந்த ஒரு சிறுமியை முதல் நாள் படியில் உட்காரவைத்துக் காலை மட்டும் நனைக்கச் சொன்னதையும், நாலாம் நாள் அவளே இறங்கியதையும் சொன்னேன். வேலை கிடைத்தது அந்தப் பதிலால்தான் என்று டைரக்டர் பிறகு சொன்னார்.

நீங்களும் கேளுங்கள். கேபினில் எத்தனை பிள்ளைகள், எந்த வயது, கூட இன்னொரு கவுன்சிலர் உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு, போன வருஷத்து ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். தங்கும் கேம்ப்களுக்கு அந்த அமைப்பின் அளவுகோல் 6 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர். பதினைந்து பிள்ளைகளை உங்கள் ஒருவரிடம் விடுகிற கேம்ப் என்றால் வேறு இடம் பாருங்கள்.

விசா

கேம்ப் உறுதியானதும் ஸ்பான்சர் டிஎஸ்-2019 என்ற படிவம் தருவார். உங்கள் பிரிவு, கேம்ப், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். வந்தவுடனே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அப்புறம் செவிஸ் என்ற அமெரிக்க அரசின் மாணவர், பரிமாற்ற விசாக்காரர் பதிவுக்கான கட்டணம், கேம்ப் கவுன்சிலருக்கு 35 டாலர். அப்புறம் டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பம். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் கட்டும் அன்று தூதரகத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 2025-லிருந்து ஜே விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

தூதரக இன்டர்வியூ இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கேம்ப்பின் பெயர், மாநிலம், உங்கள் வேலை, முடிந்ததும் எதற்குத் திரும்புகிறீர்கள் என்பதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் போதும். திரும்பி வருவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராவிட்டால் 214(b) என்ற பிரிவில் மறுத்துவிடுவார்கள். ஆகவே படிப்பு, வேலை, அடுத்த வருஷத்துத் திட்டம் எதுவோ அதை உள்ளபடி சொல்லுங்கள். யாரோ எழுதிக்கொடுத்த பதிலை ஒப்பிப்பது அவர்களுக்கு உடனே தெரியும்.

டிஎஸ்-2019 எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் விமான நிலையத்தில் இறங்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

பணம்

தங்குமிடமும் சாப்பாடும் கேம்ப்பில். கையில் கிடைப்பது கோடை முழுவதற்குமான ஒரு தொகை. அதே வேலை பார்க்கும் அமெரிக்கக் கவுன்சிலருக்கு இணையாக உங்களுக்கும் தர வேண்டும் என்பது ஜே-1 விதி. ஆனால் பருவகாலத்தில் மட்டும் நடக்கும் கேம்ப்களுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால் தொகையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் குறைவாகத்தான் வரும். ஏஜென்சி கட்டணம், விமான டிக்கெட், விசா செலவு மூன்றையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சம்பாதித்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கில் போகாதீர்கள். கடன் வாங்கிப் போனவர்கள் ஜூலையிலேயே மனம் தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைகளையும் பாதிக்கிறது.

சேர்ந்த முதல் வாரத்தில் கேம்ப்பே எல்லோரையும் வேனில் ஏற்றி, சம்பளத்துக்கும் வரிக்கும் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கக் கூட்டிப்போகும். பாஸ்போர்ட், டிஎஸ்-2019, இணையத்தில் எடுத்த ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதி வேண்டும். ஜே-1-ல் முதல் தடவை வருகிறவர்கள் வருமான வரி கட்ட வேண்டும், ஆனால் அமெரிக்கர்களின் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது. சம்பளச் சீட்டில் அந்த இரண்டும் பிடித்திருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தெரியாமல் நடக்கிற தவறு, சொன்னால் திருத்திவிடுவார்கள்.

மருத்துவக் காப்பீடு ஸ்பான்சர் வழியாக வரும். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1 லட்சம் டாலர் வரை ஈடு செய்ய வேண்டும் என்பது விதி. அந்த அட்டையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி

கேபினில் உங்களுக்கு ஒரு கட்டிலும் ஒரு அலமாரித் தட்டும்தான். நல்ல மழைக்கோட்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்ற ஷூ, ராத்திரிக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, தலையில் மாட்டும் டார்ச், சாதாரண கைக்கடிகாரம். கடிகாரம் எதற்கு என்றால் பெரும்பாலான கேம்ப்களில் பிள்ளைகள் முன்னால் போனை எடுக்கக் கூடாது. நல்ல துணி எதுவும் வேண்டாம், எல்லாவற்றிலும் பெயின்ட் படும். உங்கள் ஊரில் சிறுவயதில் விளையாடிய, பொருள் எதுவும் தேவைப்படாத மூன்று விளையாட்டுகளை மனதில் கொண்டுபோங்கள். மழை நாளில் கேபினுக்குள் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதன் அருமை தெரியும்.

பயிற்சி வாரம்

பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே உங்களை வரச்சொல்வார்கள். தூக்கம் வந்தாலும் ஒவ்வொரு வகுப்பையும் கவனியுங்கள். யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாது, ஒவ்வாமைக்கான அவசர ஊசியான எபிபென் எங்கே தொங்குகிறது, அதைத் தொடையில் எப்படிக் குத்துவது என்பதெல்லாம் இங்கேதான் சொல்லித்தருவார்கள். மாத்திரை எதுவானாலும் நர்ஸ்தான் தர வேண்டும். ஒரு பிள்ளையோடு யார் கண்ணிலும் படாத இடத்தில் தனியாக இருக்கவே கூடாது. யாரோ தன்னை அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்றைக்கே கேம்ப் சொல்லும் வழியில் புகார் போயாக வேண்டும்.

என் மனதில் இன்னும் நிற்பது தண்ணீர்ப் பயிற்சி. ஒரு நீண்ட விசில். ஏரியில் குளிக்கிற அத்தனை பேரும் அப்படியே நின்று, தன்னோடு ஜோடியாகத் தண்ணீரில் இறங்கியவரின் கையைப் பிடித்து உயரத் தூக்க வேண்டும். கரையில் மரப்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை தொங்கும். தண்ணீரில் இருக்கும் ஜோடிகளையும் பலகை வில்லைகளையும் எண்ணுவார்கள். கணக்குச் சரியானால்தான் மறு விசில். ஒரு எண் குறைந்தால் எல்லோரும் கரையேற வேண்டும், பெரியவர்கள் கைகோத்து வரிசையாக நின்று ஆழமில்லாத தண்ணீரைக் காலால் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். பயிற்சிதான் என்று தெரிந்தும், சேற்றில் காலை வைத்து வைத்து நடந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. அதற்கப்புறம் நான் ஒரு நாளும் அவசரமாக எண்ணியதில்லை.

பிள்ளைகள் வந்த பிறகு

முதல் நாள் பஸ் வந்து நின்றதும் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் எட்டும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் அவர்கள் வாயில் நுழையாவிட்டால் ஒரு சுருக்கம் சொல்லிக்கொடுங்கள். உங்கள் உச்சரிப்பு புரியவில்லை என்று பட்டென்று சொல்வார்கள், அது அவமரியாதை இல்லை. மெதுவாக, சின்ன வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் மதிய ஓய்வு நேரத்திலும் விளக்கு அணைந்த பிறகும்தான் வரும். ஓடியாடும்போது வராது. "ரெண்டு நாள் பாரு, பிடிக்கலைன்னா அம்மாவைக் கூப்பிட்டுப் போகச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதைப் பல வருடம் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் பெற்றோருக்கே தரும் எச்சரிக்கை இது. அப்படிச் சொன்னதும் பிள்ளையின் மனசு முழுக்க அந்த இரண்டு நாளை எண்ணுவதிலேயே போய்விடும். அழுவதில் தப்பே இல்லை என்று சொல்லுங்கள். வீட்டில் இந்நேரம் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடிதம் எழுத உட்காரவையுங்கள். நாளைக்கு ஒரு வேலை கொடுங்கள். முதலில் சொன்ன அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது காலையில் கொடியேற்றும் கயிற்றைப் பிடிக்கும் வேலை. காலையில் அவன்தான் என்னை எழுப்பினான்.

படுக்கையை நனைப்பதும் நடக்கும், பதினோரு வயதிலும் நடக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கோடை எப்படிப் போகும் என்பது அந்தக் காலையில் நீங்கள் நடந்துகொள்வதில் இருக்கிறது. சத்தம் போடாமல் மற்றவர்களைக் காலைச் சாப்பாட்டுக்கு இன்னொரு கவுன்சிலரோடு அனுப்புங்கள். அவனை ஏதாவது சின்ன வேலை சொல்லி நர்ஸ் அறைப் பக்கம் அனுப்பிவிட்டு ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிப் பையில் போட்டுத் துணி துவைக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான கேம்ப்களில் மாற்றுப் படுக்கை தயாராக இருக்கும். அதே மாதிரி விரித்து வையுங்கள். அவன் திரும்பி வரும்போது எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவன் பேசினால் ஒழிய.

உங்கள் உடம்பும் மனசும்

மூன்றாம் வாரத்தில் எல்லோருக்கும் ஒரு களைப்பு வரும். ஓய்வு நாளில் ஊர் சுற்றுவதைவிடத் தூங்குவதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன், அரை நாளாவது. வடகிழக்குப் பகுதியில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. அது பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் தினமும் சாயங்காலம் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். மூன்று மூன்று இலையாகத் தழைத்திருக்கும் பாய்சன் ஐவி செடியைத் தொடாதீர்கள், கொப்புளம் போடும்.

மது அருந்தும் வயது அமெரிக்காவில் 21. கஞ்சா சில மாநிலங்களில் கடையில் விற்றாலும் மத்தியச் சட்டப்படி குற்றம், விசாவுக்கு ஆபத்து. கேம்ப்பில் மனசுக்குச் சரிப்படாத ஏதாவது நடந்தால் முதலில் டைரக்டர், அப்புறம் ஸ்பான்சர். ஸ்பான்சரும் காது கொடுக்கவில்லை என்றால் வெளியுறவுத் துறையின் ஜே விசா அவசர உதவி எண் 1-866-283-9090. உயிருக்கு ஆபத்து என்றால் 911.

கேம்ப் முடிந்தபின்

டிஎஸ்-2019-ல் உள்ள கடைசித் தேதிக்குப் பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம், வேலை பார்க்கக் கூடாது. அந்த 30 நாளில் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. நயாகராவில் கனடா பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளம்பும் முன் அலுவலகத்தில் உங்கள் வீட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் சரியாகக் கொடுங்கள். சம்பளமும் பிடித்த வரியும் உள்ள டபிள்யூ-2 படிவம் அடுத்த வருஷம் ஜனவரி 31-க்குள் அனுப்பப்பட வேண்டும். அதை வைத்து 1040-என்ஆர் என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தை ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்பி வரும். டைரக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் பஸ் கிளம்பும் முன் பிள்ளைகள் உங்கள் போன் எண்ணையும் இன்ஸ்டாகிராமையும் கேட்பார்கள். பெரும்பாலான கேம்ப்கள் தர வேண்டாம் என்றுதான் சொல்லும், தராதீர்கள். கேம்ப் முகவரிக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், அலுவலகத்திலிருந்து உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். எனக்கு டிசம்பரில் ஒன்று வந்தது. உள்ளே பென்சிலில் வரைந்த கொடிக்கம்பம், அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பையன்.